ஷரீஅத் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

நண்பர் ஒருவர் கேட்டார்: "ஷரீஅத், இஸ்லாமியச் சட்டம் என்றெல்லாம் பேசுகிறார்கள். ஒப்பந்தச் சட்டம், தண்டனைச் சட்டம் மாதிரி அதற்கும் ஒரு புத்தகம் இருக்கத்தானே வேண்டும்? யார் எழுதினார்கள், எப்போது? குர்ஆன்தான் அந்தப் புத்தகம் என்றால் ஷாஃபி, ஹனஃபி என்று பிரிவுகள் எதற்கு?"

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது விளங்கினால் மற்றது தானாக விளங்கும்.

காயல்பட்டினம், கீழக்கரை மாதிரி கடற்கரை ஊர்களின் மரைக்காயர்கள் ஷாஃபி மத்ஹபை, அதாவது ஷாஃபி சட்ட மரபைச் சேர்ந்தவர்கள். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோரும் அப்படித்தான். உள்நாட்டு ஊர்களில் இருக்கும் ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி. ஏமன் பக்கத்தோடு கடல்வழித் தொடர்பு இருந்த கரைகளில் ஷாஃபி வேரூன்றியது. துருக்கிய, முகலாய ஆட்சிகளோடு தரைவழியே வந்தது ஹனஃபி. இரண்டு பள்ளிவாசல்களிலும் அஸர் (பிற்பகல் தொழுகை) பாங்கு ஒரே நேரத்தில் கேட்காது. உச்சிவேளை நிழலைக் கழித்துவிட்டு, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்துக்கு நீண்டதும் அஸர் நேரம் வந்துவிட்டது என்பது ஷாஃபி. உயரத்தைப் போல இரு மடங்கு நீள வேண்டும் என்றார் இமாம் அபூஹனீஃபா. வேடிக்கை என்னவென்றால், அவருடைய முதன்மை மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மத் அஷ்ஷைபானி இருவருமே இதில் ஆசிரியரை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு மடங்கே போதும் என்றார்கள். அந்த மறுப்பும் ஹனஃபி நூல்களிலேயே, ஆசிரியரின் கருத்துக்குப் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

சாப்பாட்டிலும் இதே கதை. கணவாய் ஷாஃபிக்காரருக்கு ஹலால். ஹனஃபியில் கடல் உயிர்களில் மீன் மட்டுமே ஹலால், கணவாயோ மீன் இல்லை. இறால் மீனா இல்லையா என்று ஹனஃபி ஆலிம்களுக்குள் (மார்க்க அறிஞர்களுக்குள்) இன்றும் வாதம் நடக்கிறது. இத்தனைக்கும் எல்லார் கையிலும் இருப்பது ஒரே குர்ஆன்.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஷரீஅத் என்ற அரபுச் சொல்லுக்குத் தண்ணீர்த் துறைக்குப் போகிற வழி என்று பழைய பொருள் உண்டு. மனிதன் நடக்க வேண்டிய வழியாக இறைவன் வகுத்தது முழுவதும் ஷரீஅத். அதை மனிதர்கள் படித்து, யோசித்து, "இந்த விஷயத்துக்கு இதுதான் விதி" என்று கண்டுசொல்வதற்குப் பெயர் ஃபிக்ஹ். புரிதல் என்று பொருள். ஷரீஅத்தில் பிழை இருக்காது, ஃபிக்ஹில் இருக்கலாம் என்பது ஆலிம்களே ஒப்புக்கொள்வது. நாம் இஸ்லாமியச் சட்டம் என்று சொல்வதில் பெரும்பகுதி இந்த ஃபிக்ஹ்தான். தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளுவிலிருந்து கூட்டு வியாபாரம், வாடகை, கல்யாணம், போர்க்கைதி வரை எல்லாம் அதற்குள் வரும். ஒவ்வொரு செயலும் ஐந்தில் ஒன்றாக இருக்கும்: கட்டாயமான ஃபர்ளு, செய்தால் நன்மை தரும் சுன்னத்து, செய்தாலும் விட்டாலும் ஒன்றான முபாஹ், விரும்பத்தகாத மக்ரூஹ், தடுக்கப்பட்ட ஹராம். இந்த ஐந்தில் பெரும்பகுதிக்கும் நீதிமன்றத்துக்கும் சம்பந்தமே இல்லை.

சரி, மூலத்துக்கு வருவோம். குர்ஆனில் 114 அத்தியாயங்கள், 6,200-க்கு மேல் வசனங்கள். அதில் சட்டம் பேசுபவை சுமார் 500 என்பது வழக்கமான கணக்கு. அவற்றிலும் பாதிக்கு மேல் வணக்க வழிபாடுதான். மிக நுணுக்கமாக, பின்னக்கணக்கோடு சொல்லப்பட்டது வாரிசுரிமை. நான்காம் அத்தியாயத்தின் 11, 12, 176 ஆகிய மூன்று வசனங்களில் அநேகமாக மொத்தமும் அடங்கிவிடும். ஆனால் இவ்வளவு தெளிவான இடத்திலும் மனித அறிவுக்கு வேலை இருந்தது. ஒருவர் இறந்துபோகிறார். மனைவி, இரண்டு மகள்கள், தாய், தந்தை இருக்கிறார்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று, மகள்களுக்குச் சேர்த்து மூன்றில் இரண்டு, தாய்க்கும் தந்தைக்கும் ஆளுக்கு ஆறில் ஒன்று. 24 பங்காகப் போட்டால் 3, 16, 4, 4. கூட்டிப் பாருங்கள், 27 வருகிறது. இருக்கிற சொத்தோ 24 பங்கு.

நபிகள் நாயகத்தின் மருமகனான அலி பள்ளிவாசல் மேடையான மிம்பரில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது இந்தக் கேள்வி வந்ததாகவும், "அவளுடைய எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிட்டது" என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்ததாகவும் சொல்வார்கள். அதாவது சொத்தை 27 பங்காக்கி எல்லாருக்கும் அதே விகிதத்தில் குறைத்துவிட வேண்டும். 27-ல் 3 என்பது ஒன்பதில் ஒன்று. இந்த முறைக்கு அவ்ல் என்று பெயர். நபித்தோழர் இப்னு அப்பாஸ் இதை ஏற்கவில்லை. ஷியாக்கள் இன்றுவரை ஏற்பதில்லை. அவர்கள் மகள்களின் பங்கில்தான் குறைப்பார்கள். அல்ஜீப்ரா என்ற சொல்லைத் தந்த அல்குவாரிஸ்மியின் நூலில் பெரும்பகுதி உயில், வாரிசுரிமைக் கணக்குகள்தான் என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

குர்ஆனுக்கு அடுத்தது சுன்னா, அதாவது நபிகள் நாயகத்தின் சொல், செயல், அங்கீகாரம். அதைச் சொல்லும் செய்திகள் ஹதீஸ். தொழு என்று குர்ஆன் சொல்கிறது. எத்தனை ரக்அத் (தொழுகைச் சுற்று) என்பது ஹதீஸில்தான் இருக்கிறது. 632-ல் நபிகள் மறைந்தபிறகு அவருடைய தோழர்கள் கூஃபா, பஸ்ரா, டமாஸ்கஸ், எகிப்து என்று பரவினார்கள். அவரவர் பார்த்தது, கேட்டது அவரவரோடு போனது. பிற்பாடு பொய்ச் செய்திகளும் கலந்ததால், யார் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா, அந்த ஆள் நம்பகமானவரா என்று அறிவிப்பாளர் வரிசையை அலசுவதே தனித் துறையாயிற்று. 870-ல் இறந்த இமாம் புகாரி லட்சக்கணக்கில் திரட்டிச் சலித்துத் தன் நூலில் வைத்தது, திரும்ப வருபவற்றையும் சேர்த்தே ஏழாயிரத்துச் சொச்சம்.

ஆரம்பகாலத் தோழர்கள் எழுத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவர்கள் இல்லை. திருட்டுக்குக் கையை வெட்டும் தண்டனை குர்ஆனிலேயே இருக்கிறது. நபிகளுக்குப் பின் வந்த ஆட்சித் தலைவர்களில் இரண்டாமவரான கலீஃபா உமர், பஞ்ச காலத்தில் அதை நிறைவேற்றாமல் நிறுத்திவைத்தார். பசிக்குத் திருடியவனும் அந்த வசனம் சொல்லும் திருடனும் ஒன்றில்லை என்பது அதன் நியாயம். ஈராக்கின் செழிப்பான நிலங்கள் கைக்கு வந்தபோது, வழக்கப்படி எங்களுக்குப் பங்கு போடுங்கள் என்று படைவீரர்கள் கேட்டார்கள். அவர் மறுத்து, நிலத்தைப் பழைய குடிகளிடமே விட்டுவிட்டு வரி போட்டார். இன்றைக்கே பிரித்துக் கொடுத்துவிட்டால் நாளை வருகிறவர்களுக்கு என்ன மிஞ்சும் என்பது அவருடைய வாதம். பிற்காலச் சட்ட அறிஞர்கள் பொதுநலன் என்ற கருத்தைப் பேசும்போதெல்லாம் இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் திரும்பத் திரும்ப வருவார்கள்.

மத்ஹபுகள் இந்த ஊர் மரபுகளிலிருந்துதான் முளைத்தன. அபூஹனீஃபா (699–767) கூஃபாவில் பட்டுத்துணி வியாபாரி. கடைவீதியை அறிந்தவர் என்பது அவருடைய வணிகச் சட்டத்தில் தெரியும். கலீஃபா மன்சூர் காழி (நீதிபதி) பதவி கொடுத்தபோது வேண்டாம் என்றார், சிறைக்குப் போனார், சிறையிலேயே இறந்தார் என்பது பரவலான வரலாறு. மதீனாவின் இமாம் மாலிக் (இறப்பு 795), தம் ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வழக்கமே நபிவழிக்குச் சான்று என்றார். அவருடைய முவத்தா நூலை நாடு முழுவதற்கும் சட்டமாக்கிவிடலாமா என்று கலீஃபா கேட்டதாகவும், வேறு ஊர்களுக்கு வேறு தோழர்களின் அறிவு போயிருக்கிறது, அவர்களை அவர்கள் போக்கில் விடுங்கள் என்று அவர் மறுத்ததாகவும் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. ஒற்றைச் சட்டப் புத்தகம் வந்திருக்கக்கூடிய முதல் சந்தர்ப்பம் அப்படிப் போயிற்று.

767-ல் காஸாவில் பிறந்த இமாம் ஷாஃபி இந்த இரண்டு உலகத்தையும் பார்த்தவர். மதீனாவில் மாலிக்கிடம் படித்தார், பாக்தாதில் ஷைபானியிடம் படித்தார், எகிப்துக்குப் போய் 820-ல் இறந்தார். எகிப்தில் தம் பழைய கருத்துகள் பலவற்றை மாற்றிக்கொண்டார். ஷாஃபி நூல்களில் 'பழைய சொல்', 'புதிய சொல்' என்று இரண்டும் பதிவாகியிருக்கும். அவருடைய ரிஸாலா என்ற நூல்தான், விதி என்ன என்பதைவிட விதியை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை முறைப்படுத்திய தொடக்க நூல். முதலில் குர்ஆன், அப்புறம் சுன்னா, அதன்பின் எல்லாரும் ஒத்துக்கொண்ட இஜ்மா, கடைசியில் ஒப்பிட்டு அறியும் கியாஸ். நான்காவது இமாமான பாக்தாதின் அஹ்மத் இப்னு ஹன்பல் (780–855) ஹதீஸை விட்டு யூகத்துக்குப் போவதில் மிகத் தயங்கியவர். ஷியாக்களின் பெரும் மரபு இமாம் ஜஅஃபர் அஸ்ஸாதிக்கின் பெயரால் ஜஅஃபரி எனப்படுகிறது. ஓமனில் இபாதி என்று இன்னொன்று. அவற்றைச் சொல்லத் தனிக் கட்டுரையே வேண்டும்.

கியாஸ் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால்தான் இந்தத் துறையின் ருசி தெரியும். ஒரு பிரபலமான ஹதீஸ்: தங்கத்துக்குத் தங்கம், வெள்ளிக்கு வெள்ளி, கோதுமைக்குக் கோதுமை, வாற்கோதுமைக்கு வாற்கோதுமை, பேரீச்சைக்குப் பேரீச்சை, உப்புக்கு உப்பு மாற்றும்போது சமமாக, கைக்குக் கை மாற்ற வேண்டும், கூடக்குறைய இருந்தால் அது வட்டி. ஆறு பொருட்கள். அரிசி அதில் இல்லை. அப்படியானால் ஒரு படி பச்சரிசி கொடுத்து ஒன்றரைப் படி புழுங்கலரிசி வாங்கலாமா?

பதில் சொல்ல, இந்த ஆறுக்கும் பொதுவான காரணம் என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் காரணத்துக்கு இல்லத் என்று பெயர். அளந்தோ நிறுத்தோ விற்கப்படும் ஒரே இனப் பொருள் என்பதுதான் காரணம் என்றார்கள் ஹனஃபிகள். தங்கமும் வெள்ளியும் காசு, மற்ற நான்கும் உண்பொருள், அதுதான் காரணம் என்றார்கள் ஷாஃபிகள். சேமித்து வைக்கக்கூடிய முக்கிய உணவு என்றார்கள் மாலிகிகள். அரிசிக்கு மூன்று பேருமே கூடாது என்றுதான் சொல்வார்கள். அது அளக்கப்படுகிறது, உண்ணப்படுகிறது, சேமிக்கப்படுகிறது. ஆனால் முட்டைக்கு வாருங்கள். ஒரு நாட்டுக்கோழி முட்டைக்கு இரண்டு பிராய்லர் முட்டை வாங்கினால்? முட்டை எண்ணி விற்கப்படுவது, அதனால் அந்த இடத்திலேயே மாற்றிக்கொண்டால் குற்றமில்லை என்பார் ஹனஃபி. உண்பொருள், ஆகவே கூடாது என்பார் ஷாஃபி. இரும்பு என்றால் இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள்: நிறுத்து விற்பது என்பதால் ஹனஃபி தடுப்பார், தின்னவும் முடியாது காசும் இல்லை என்பதால் ஷாஃபி விடுவார். 1064-ல் இறந்த ஆந்தலூசியா அறிஞர் இப்னு ஹஸ்மோ இந்தச் சண்டையையே கேலியாகப் பார்த்தார். ஆறு என்று சொன்னால் ஆறுதான், காரணம் தேட நீ யார் என்பது அவர் கட்சி. எழுத்தை மட்டும் பார்க்கும், அவர் சார்ந்த ழாஹிரி மத்ஹப் நிலைக்கவில்லை, நூல்கள் நிலைத்தன.

இந்த வாதங்களை எந்த அரசரும் தீர்த்துவைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 833-ல் கலீஃபா மாமூன், குர்ஆன் படைக்கப்பட்டது என்ற தன் கொள்கையை ஏற்கச் சொல்லி அறிஞர்களை விசாரணைக்கு இழுத்தார். அஹ்மத் இப்னு ஹன்பல் அடுத்த கலீஃபாவின் காலத்தில் கசையடி வாங்கியும் மசியவில்லை. சில ஆண்டுகளில் அரசுதான் பின்வாங்கியது. எது மார்க்கச் சட்டம் என்று சொல்லும் உரிமை கலீஃபாவிடமிருந்து நழுவி ஆலிம்களிடம் நிலைத்துவிட்டது. காழியை நியமிப்பது அரசர். ஆனால் காழி பார்க்கும் நூல் ஆலிம் எழுதியது. மார்க்க விளக்கம் சொல்லும் முஃப்தி தரும் ஃபத்வா ஒரு சட்டக் கருத்து, அவ்வளவுதான். அது தீர்ப்பு இல்லை, யாரையும் கட்டாது. இதைத் தெரிந்துகொண்டாலே பாதிப் பத்திரிகைத் தலைப்புகள் வேறு மாதிரி தெரியும். 1265-ல் எகிப்தின் மம்லூக் சுல்தான் பைபர்ஸ், கெய்ரோவில் நான்கு மத்ஹபுக்கும் நான்கு தலைமைக் காழிகளை வைத்தார். மக்கள் கெட்டிக்காரர்கள், தங்கள் வழக்குக்குத் தோதான காழியைத் தேடிப் போனார்கள்.

தண்டனைகளைப் பற்றிக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. கையை வெட்டுவது, கசையடி போன்ற ஹத்து, அதாவது அளவு வரையறுத்த தண்டனைகள் நூல்களில் இருக்கின்றன. ஆனால் அதே நூல்கள், சந்தேகம் வந்தால் ஹத்தைத் தவிருங்கள் என்ற விதியை வைத்துக்கொண்டு நிபந்தனை மேல் நிபந்தனை அடுக்குகின்றன. திருடிய பொருள் குறிப்பிட்ட மதிப்புக்கு மேல் இருக்க வேண்டும், பூட்டிய அல்லது காவலுள்ள இடத்திலிருந்து எடுத்திருக்க வேண்டும், அதில் அவனுக்கு எந்த உரிமையும் இருக்கக்கூடாது. விபச்சாரத்துக்கு நேரில் கண்ட நான்கு சாட்சிகள் வேண்டும். நிரூபிக்காமல் குற்றம் சாட்டியவனுக்கு 80 கசையடி. நடைமுறையில் பெரும்பாலான குற்றங்கள் காழியின் விருப்புரிமைக்கும் அரசாணைக்கும் போயின. ஒட்டோமான் சுல்தான் சுலைமான் காலத்துச் சட்டங்களில் பல குற்றங்களுக்கு அபராதம்தான் விதிக்கப்பட்டிருக்கிறது. கடுமையே நடக்கவில்லை என்று சொல்லவில்லை. ஆனால் இன்றைய சில அரசுகள் தண்டனைப் பட்டியலை மட்டும் உருவி எடுத்து ஷரீஅத் என்று அறிவிப்பது, பழைய காழிகளுக்கே விசித்திரமாகப் பட்டிருக்கும் என்பது என் கருத்து.

பத்தாம் நூற்றாண்டோடு இஜ்திஹாதின், அதாவது மூலத்திலிருந்து தாமே ஆய்ந்து விதி காண்பதன் கதவு அடைபட்டது, பிறகு எல்லாம் உறைந்துவிட்டது என்று ஒரு கதை உண்டு. புதிய மத்ஹபுகள் தோன்றவில்லை என்பது உண்மை. ஆனால் புதுக் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. 1511-ல் மக்காவில் காப்பியைத் தடைசெய்தார்கள். போதையா இல்லையா என்று சண்டை. கடைசியில் காப்பி ஜெயித்தது நமக்குத் தெரியும். 1111-ல் மறைந்த கஸ்ஸாலி, மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, சொத்து ஆகிய ஐந்தைக் காப்பதே சட்டத்தின் நோக்கம் என்றார். 1388-ல் மறைந்த கிரனாடாவின் ஷாதிபி அதைப் பெரிய கோட்பாடாக வளர்த்தார்.

நிஜமான திருப்பம் காலனிக் காலத்தில் வந்தது. 1772-ல் வாரன் ஹேஸ்டிங்ஸ், முஸ்லிம்களுக்குக் கல்யாணம், வாரிசுரிமை போன்றவற்றில் குர்ஆன் சட்டம், இந்துக்களுக்கு சாஸ்திரச் சட்டம் என்று திட்டம் போட்டார். பிரிட்டிஷ் நீதிபதிக்கு அரபு தெரியாது. அவருக்கு ஒரு புத்தகம் வேண்டும். பர்கானா பள்ளத்தாக்கைச் சேர்ந்த மர்கினானி 12-ம் நூற்றாண்டில் எழுதிய ஹிதாயா என்ற ஹனஃபி சட்ட நூல், பாரசீக வடிவத்திலிருந்து 1791-ல் ஆங்கிலத்துக்கு வந்தது. வாதங்களின் புதையலாக இருந்த நூல், மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பாகி, சட்டப் பிரிவு மாதிரி மேற்கோள் காட்டப்பட்டது. ஒட்டோமான்கள் தாங்களே 1869 முதல் 1876 வரை ஹனஃபி வணிகச் சட்டத்தை மெஜல்லா என்ற பெயரில் 1,851 பிரிவுகளாகத் தொகுத்தார்கள். நண்பர் தேடும் வகைப் புத்தகம் வந்தது இப்படித்தான், நபிகள் மறைந்து பன்னிரண்டு நூற்றாண்டுக்குப் பிறகு. துருக்கியில் அதுவும் 1926 வரைதான். பிறகு சுவிஸ் சிவில் சட்டம் வந்துவிட்டது.

இந்தியாவில் 1937-ன் ஷரீஅத் சட்டம் என்று சொல்வது ஆறே பிரிவுகள் கொண்ட சின்னச் சட்டம். இன்ன இன்ன விஷயங்களில் ஊர் வழக்கம் செல்லாது, ஷரீஅத் செல்லும் என்கிறதே தவிர ஷரீஅத் என்ன என்று அது சொல்லவே இல்லை. விவசாய நிலத்தை விட்டுவிட்டது. சென்னை மாகாணம் 1949-ல் திருத்தம் செய்து அதையும் சேர்த்தது. இங்கே நஞ்சை நிலத்திலும் மகளுக்குப் பங்கு உண்டு என்று வாதாட முடிவது அதனால்தான்.

எனக்கு அதைவிடப் பிடித்தது 1939-ன் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் பிறந்த கதை. ஹனஃபி முறைப்படி கணவன் காணாமல் போனால், அவனுக்குத் தொண்ணூறு வயது ஆகியிருக்கும் காலம்வரை மனைவி காத்திருக்க வேண்டும். வேறு வழியில்லாத பெண்கள் மதம் மாறினார்கள். மதம் மாறினால் திருமணம் தானாக முறியும். தேவ்பந்த் மரபின் பெரிய ஹனஃபி ஆலிம் அஷ்ரஃப் அலி தானவி இதைப் பார்த்துவிட்டு, இந்த இடத்தில் மாலிகி மத்ஹபின் விதியை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதினார். அதில் காத்திருப்பு நான்கு ஆண்டுகள். 1939 சட்டத்தில் நான்கு ஆண்டுகள் காணவில்லை என்றால் மணமுறிவு கேட்கலாம் என்ற பிரிவு இந்த வழியாக வந்தது. மதம் மாறினாலே மணம் முறியாது என்ற பிரிவும் கூடவே வந்தது.

முத்தலாக்கிலும் இதே பழைய வாதம்தான். ஒரே மூச்சில் சொல்லும் மூன்று தலாக், நபிகள் காலத்தில் ஒன்றாகவே கணக்கிடப்பட்டது, உமர்தான் மூன்றாக்கினார் என்று இமாம் முஸ்லிம் என்பவரின் ஹதீஸ் தொகுப்பில் இப்னு அப்பாஸின் செய்தி இருக்கிறது. நான்கு மத்ஹபுகளும் மூன்று என்றே நின்றன. 1328-ல் மறைந்த இப்னு தைமிய்யா ஒன்றுதான் என்றார். தலாக் பற்றிய ஃபத்வாக்களுக்காகச் சிறையும் போனார். எகிப்து 1929-லேயே ஒன்று என்று சட்டம் போட்டது. இந்திய உச்ச நீதிமன்றம் 2017-ல் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் முத்தலாக் செல்லாது என்றது. 2019 சட்டம் அதைக் குற்றமாக்கிச் சிறைத் தண்டனையும் வைத்தது. இலங்கையில் 1951-ன் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் காதி நீதிமன்றங்கள் மூலம் நடக்கிறது. அதன் சீர்திருத்தம் பற்றிய விவாதம் பல ஆண்டுகளாக ஓய்ந்தபாடில்லை.

ஆக, புத்தகம் பார்த்தே ஆக வேண்டும் என்றால், அருகில் இருக்கும் மதரஸாவுக்குப் போய் ஓர் ஆலிமிடம் கேளுங்கள். ஹனஃபி மதரஸாவில் ஹிதாயா இருக்கும். ஷாஃபி மதரஸா என்றால் ஃபத்ஹுல் முஈன் கேளுங்கள். அதை எழுதியவர் 16-ம் நூற்றாண்டில் நம் பக்கத்துக் கேரளத்தின் பொன்னானியில் வாழ்ந்த ஸைனுத்தீன் மக்தூம். இந்தோனேசியா வரை பாடமாக இருக்கிறது. தாம் எழுதிய சின்ன நூலுக்குத் தாமே எழுதிய உரை அது. அதற்கு 19-ம் நூற்றாண்டில் மக்காவில் ஒருவர் நான்கு பாகத்தில் விரிவுரை எழுதினார். சில அச்சுகளில் நடுவே விரிவுரையும் ஓரத்தில் மூல உரையும் இருக்கும். ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, "இங்கே இவர் வேறு மாதிரி சொன்னார்" என்று எத்தனை இடத்தில் வருகிறது என்று ஆலிமை எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள்.